சிவனொளிபாதமலை: வேன் மட்டும் பேசிக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல்

திங்கள் இரவு, வெள்ளவத்தை

நாளை விடியப்புறம் 5 மணிக்கு வேன் வரும். போவது சிவனொளிபாதமலைக்கு, உச்சியில் புனிதப் பாதச்சுவடு இருக்கும் மலைக்கு. மச்சாள், அவருடைய மகன், நான். மருமகன் சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாளில் இருந்து கட்டிலும் ஃபோனுமாகக் கிடக்கிறான். அவனை எழுப்பி நடக்கவைக்கத்தான் இந்தப் பயணம் என்று மச்சாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஏற ஆசைப்பட்டது அவர்தான் என்பது எனக்குத் தெரியும்.

வழிகாட்டி என்று யாரையும் பிடிக்கவில்லை. சீசனில் அதற்குத் தேவையும் இல்லை. மார்கழியில் வரும் உந்துவப் போயாவில், அதாவது அந்த மாதத்துப் பௌர்ணமியில், தொடங்கி வைகாசியில் வரும் வெசாக் போயா வரைக்கும் சீசன். அந்த மாதங்களில் மலையடி ஊரான நல்லதண்ணியில் இருந்து உச்சி வரைக்கும் பாதையில் விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும், முன்னாலும் பின்னாலும் சனம் போய்க்கொண்டே இருக்கும். வழி தவறுவதென்றால் அதற்குத் தனியாக முயற்சி எடுக்க வேண்டும். வெசாக்குக்குப் பிறகு கதை வேறு. தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். விளக்கும் இல்லை, கடையும் இல்லை, காலில் அட்டை ஏறும். அப்போது அந்த ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளாமல் ஏறக் கூடாது.

சீசனில் ஒழுங்கு செய்ய வேண்டியது வாகனத்தைத்தான். இரவு சாப்பிட்டுவிட்டு கொழும்பில் இருந்து புறப்பட்டு, நேராகப் போய் ஏறி, இறங்கிய கையோடு திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். ஒரு நாள் லீவு மிச்சம், அறைக் காசும் மிச்சம். ஆனால் டிரைவர் எப்போது படுப்பார்? கினிகத்தேனை வளைவுகளில் நித்திரை வெறியோடு இருக்கும் ஒருவரின் கையில் என் உயிரைக் கொடுக்க நான் ஆயத்தமில்லை. அதனால் இரண்டு நாள் ஹயர் பேசினேன். டீசல், டிரைவருக்கு அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து முன்கூட்டியே ஒரே தொகையாக முடிவுசெய்து வட்சப்பில் எழுதி வாங்கியாயிற்று. வாயால் பேசிய ஹயரில் கடைசி நேரம் ‘வெயிட்டிங்’ என்று ஒரு தொகை முளைக்கும். கொழும்பில் வேன் பிடித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

மலைக்குப் போக வாகன ஒழுங்கு செய்வது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1344இல் இபின் பதூதா இந்தத் தீவில் வந்து இறங்கியபோது, பாதமலையைப் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியிடம் கேட்டார். அரசன் பல்லக்கு கொடுத்தான். வருடந்தோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தன்னுடைய ஆட்கள் 10 பேர், சாமான் சுமக்க 15 பேர் என்று ஒரு படையையே கூட அனுப்பினான். எங்களுக்கு ஒரு வேனும் ஒரு டிரைவரும். பரவாயில்லை, வேனில் ஏசி இருக்கிறது.

நாளைப் பார்த்துத்தான் தெரிவு செய்தோம். போயாவும் இல்லை, சனி ஞாயிறும் இல்லை. போயா இரவில் கடைசிப் படிகளில் நெரிசலில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டி வரும். சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது.

மாமி கட்டிலில் இருந்தபடியே மேற்பார்வை செய்கிறார். அவர் கலியாணம் முடித்த புதிதில் மாமாவின் கந்தோர் ஆட்களோடு போய் ஏறியவர். “ஜம்பர் எடுத்தியா? தொப்பி எடுத்தியா? மேலே போய்ப் பல்லுக் கிடுகிடுக்கேக்கை என்ரை பேரைச் சொல்லுவாய்” என்கிறார். வெளியே பங்குனிப் புழுக்கம், மின்விசிறி சுடுகாற்றை வீசுகிறது. இந்த வெக்கையில் கம்பளித் தொப்பியைப் பையில் வைக்கச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் வைத்தேன். ஆளுக்கொரு டோர்ச், மாற்றுக் காலுறை, வியர்வையில் நனைந்ததும் மாற்ற ஒரு சட்டை, நோவுக்குப் பூசச் சித்தாலேப. தண்ணீர் கழுவிப் பாவிக்கக்கூடிய போத்தலில். பொலித்தீன் பையில் ஒன்றையும் கட்ட வேண்டாம் என்று மச்சாளிடம் சொன்னேன். மலையில் அது தடை.

செவ்வாய், நல்லதண்ணி

5 மணி என்று சொன்ன வேன் 4.50க்கே வந்து நின்றது. டிரைவர் அண்ணா கொட்டாஞ்சேனைக்காரர். சீசனில் இந்தப் பாதையில் அடிக்கடி ஓடுகிறவர். மருமகன் பின் சீற்றில் ஏறியவன் அவிசாவளை வரைக்கும் எழும்பவில்லை.

ஹைலெவல் வீதியால் மகரகம, ஹோமாகம தாண்டி விடியும்போது அவிசாவளை. இதுதான் பழைய சீதாவாக்கை. இங்கிருந்து ஆண்ட முதலாம் ராஜசிங்கன் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாதமலையின் பொறுப்பை சைவ ஆண்டிகளிடம் கொடுத்தவன். 18ஆம் நூற்றாண்டில் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதைத் திரும்பவும் பிக்குகளிடம் ஒப்படைத்தான். மலையின் சாவி யார் கையில் என்பதற்கு அப்போதே இவ்வளவு கதை. ஏறுகிற சனம் மட்டும் எப்போதும் எல்லாப் பக்கத்தில் இருந்தும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

எட்டியாந்தோட்டைக்குப் பிறகு களனி கங்கை பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. கித்துல்கலவில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். பாண், பருப்பு, கட்டைச் சம்பல். கீழே ஆற்றில் ரப்பர் படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் நாங்கள் குழாயைத் திறந்து பிடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தளையில் இந்த ஆற்றில் இருந்து எடுத்துச் சுத்திகரித்ததுதான். இந்த ஆறு பிறப்பதோ நாங்கள் ஏறப்போகிற மலைத்தொடரில். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி. மலையின் மறுபக்கம் வழிகிற தண்ணீர் களு கங்கையாகி இரத்தினபுரி வழியாகக் களுத்துறைக் கடலுக்குப் போகிறது. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, எழும்பி வந்த மருமகன் என்னைப் பார்த்து, “அப்ப மாமி, நாங்கள் வீட்டுத் தண்ணியின்ரை தலைமாட்டுக்குப் போறோம்” என்றான். பரீட்சை நல்லாய்த்தான் எழுதியிருப்பான் போல.

கினிகத்தேனையில் ஹட்டன் வீதியை விட்டு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் திரும்பினோம். ஹட்டன், நோர்வூட் வழியாகவும் போகலாம். அது கொஞ்சம் சுற்று, ஆனால் வீதி அகலம். நோட்டன் பாதை ஒடுக்கம், வளைவு அதிகம். எதிரே பஸ் வந்தால் ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்லத் தொடங்கினார். டிரைவர் அண்ணா கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டு, “பயப்படாதீங்க அக்கா, காலையில இந்தப் பாதை நல்லம். இரவில்தான் நான் வரமாட்டன்” என்றார்.

இந்தப் பக்கம் முழுக்க அணைகளும் குழாய்களும் மின்நிலையங்களும். இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை எழுதிக் காட்டினார். பழைய லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். இடையில் போன 30 வருடத்தை நினைத்தால் இன்றைய கந்தோர்க் கோப்புகள் வேகமாகத்தான் நகர்கின்றன. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மின்நிலையத்துக்குப் பிறகு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

மஸ்கெலியாவில் தேத்தண்ணி குடித்தோம். இப்போதிருக்கும் டவுன் புதியது. பழைய மஸ்கெலியா மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது ஊரையே மேலே தூக்கி வைத்தார்கள். தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டும். இன்று தண்ணீர் நிறைய நின்றது, ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் நீர்த்தேக்கத்தின் நடுவில் ஓர் இடத்தைக் கையால் காட்டி, “எங்க தாத்தா கடை அங்கதான் இருந்துச்சு” என்றார்.

அங்கிருந்து நல்லதண்ணி வரைக்கும் தேயிலைதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களின் தகரக் கூரைகள், ஒரு சின்ன மாரியம்மன் கோயில், மறுபடியும் தேயிலை. ஒரு வளைவில் மலை முழுதாகத் தெரிந்தது. படங்களில் பார்த்த அதே கூம்பு. மச்சாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “உதுக்கு மேலையோ?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மதியம் 12 மணிக்கு முன்னரே அறைக்கு வந்துவிட்டோம். பின்னேரம் ஊருக்குள் நடந்தோம். வீதியின் இரு பக்கமும் அளுவா, மஸ்கட், சோளப்பொரி, கம்பளித் தொப்பி, விளையாட்டுத் துப்பாக்கி. அப்புறம் பாதையின் முதல் துண்டைப் பகலிலேயே நடந்து பார்த்தோம். இதை எல்லோருக்கும் சொல்வேன்: இரவு 2 மணிக்கு நித்திரைக் கண்ணோடு பாதையின் வாசலைத் தேடாமல், முதல் நாளே ஒருமுறை போய்ப் பார்த்து வைப்பது நல்லது. வாகனம் நிற்கும் இடம், கழிப்பறை, மகர தோரணம் எல்லாம் பார்த்தாயிற்று.

இப்போது இரவு 7 மணி. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடிந்தது. விடுதிக்கார அம்மா, “ஒரு மணிக்கே போயிடாதீங்க, மேல போயி குளிர்ல கெடக்கணும். ரெண்டு மணிக்குப் போங்க, மெதுவாப் போங்க” என்று சொல்லியிருக்கிறார். அலாரம் 1.30க்கு. மருமகன் படுத்துவிட்டான், அதில் மட்டும் அவனுக்கு யாரும் வழிகாட்டத் தேவையில்லை.

புதன், நல்லதண்ணி

இதை எழுதுவது காலை 11 மணிக்கு, காலை ஒரு கதிரையில் நீட்டிப் போட்டுக்கொண்டு.

2.10க்குப் புறப்பட்டோம். வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது விளக்குகள்தான். மலையின் உருவம் தெரியவில்லை. இருட்டில் வெளிச்சப் புள்ளிகள் மட்டும் வளைந்து வளைந்து மேலே போய், நட்சத்திரம் எது, பாதை விளக்கு எது என்று தெரியாத உயரத்தில் முடிந்தன. முதல் அரை மணி நேரம் பாதை கிட்டத்தட்டச் சமதரை. ஜப்பானிய பிக்குகள் கட்டிய சமாதானத் தாதுகோபுரம் இருட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் சீதகங்குல ஓடை. யாத்திரிகர்கள் இங்கே முகம் கைகால் கழுவி, சிலர் குளித்தும் விட்டுத்தான் மேலே ஏறுவார்கள். நான் முகத்தை மட்டும் நனைத்தேன். அதற்கே நித்திரை முழுதாகப் பறந்தது.

அதற்குப் பிறகு படிகள். மொத்தம் ஏறக்குறைய 5,500 படி என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. எண்ணியவர் யாரையும் நான் சந்திக்கவில்லை. நல்லதண்ணியில் இருந்து 1,000 மீற்றர் அளவு உயரம் ஏற வேண்டியிருக்கிறது. அதைப் படியாகப் பிரித்தால் அவ்வளவு வரத்தான் செய்யும். ஒரே அளவுப் படிகள் இல்லை. சில படிகள் அரை அடி, சில முழங்கால் உயரம். தாளம் பிடிபடும் நேரத்தில் அடுத்த படி உயர்ந்துவிடும். எங்கள் மூவரில் நன்றாக ஏறியது மச்சாள்தான். சின்னச் சின்ன அடியாக, நிற்காமல், யாரோடும் பேசாமல் போனார். மருமகன் இருபது படி ஓடுவான், உட்காருவான், திரும்ப ஓடுவான். பாதி வழியிலேயே தாய் அவனைத் தாண்டிவிட்டார்.

வழித்துணைக்கு என்ன குறை? முன்னால் குருநாகல் பக்கத்தில் இருந்து வந்த ஒரு கூட்டம். அவர்களின் நடே குரா, அதாவது கூட்டத்தை நடத்திக்கொண்டு போகும் பெரியவர், ஓர் அடி பாட, மற்றவர்கள் அடுத்த அடி பாடினார்கள். இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து “கருணாவாய்” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எங்களுக்குப் பின்னால் பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் இருந்து வந்த குடும்பம். அவர்கள் ஒரு திருப்பத்துக்கு ஒருமுறை “அரோகரா” போட, பாடிக்கொண்டிருந்த சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் ஐயா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். புத்தரின் பாதம், சிவனின் பாதம், ஆதமின் பாதம் என்று ஆளுக்கொரு நம்பிக்கை. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவின் பாதம் என்றும் சொல்வார்கள். அந்த நேரத்தில் எல்லாருக்கும் இருந்த ஒரே கவலை அடுத்த கடை எவ்வளவு தூரம் என்பதுதான்.

கடைகள் சரியான இடைவெளியில் இருக்கின்றன. இஞ்சி போட்ட பிளேன்டீ, ரொட்டி, அவித்த கடலை. ஒரு கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுத்த அக்கா, நாங்கள் கொழும்பு என்றதும், “கொழும்புல எங்க?” என்று கேட்டார். வெள்ளவத்தை என்றதும் முகம் மலர்ந்தது. அவருடைய மகன் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை. எந்தக் கடை என்று சொன்னார். எனக்குத் தெரிந்த கடைதான், தீபாவளிக்குச் சேலை எடுத்த கடை. சீசன் ஆறு மாதம் இந்தக் கடை, மிச்ச ஆறு மாதம் தோட்டத்தில் கொழுந்து. மகனுக்குத் தீபாவளி முடிந்து அடுத்த நாள்தான் லீவு கிடைக்குமாம். காலி வீதியில் எங்களுக்குச் சேலையை விரித்து விரித்துக் காட்டுகிற பெடியன்களில் எத்தனை பேர் இந்த மலைக்குக் கீழே இருந்து வந்தவர்கள் என்று இவ்வளவு காலமும் நாங்கள் கேட்டதே இல்லை. விலையைத்தான் கேட்டிருக்கிறோம். எழும்பும்போது அவர் காசு வாங்க மறுத்தார். மச்சாள் கையில் திணித்துவிட்டு வந்தார்.

முதலாம் விஜயபாகு மன்னன், 1055 முதல் 1110 வரை ஆண்டவன், மலை ஏறுகிறவர்களின் சாப்பாட்டுக்காக ஊர்களையே எழுதி வைத்தான் என்று அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. அந்த வேலையை இப்போது செய்வது இந்த அக்காமார்தான்.

இந்திகட்டுபான என்ற இடத்தில் பாதையோரம் முழுக்க வெள்ளை நூல். புத்தர் கிழிந்த துவராடையை இங்கே இருந்து தைத்தார் என்பது நம்பிக்கை. முதல்முறை ஏறுகிறவர்கள் ஊசியில் நூல் கோத்துப் போடுவார்கள். சிலர் நூல் பந்தைப் பிரித்துக்கொண்டே மேலே போவார்கள். குருநாகல் கூட்டத்துப் பாட்டி ஒருவர் மருமகன் கையிலும் ஒரு பந்தைக் கொடுத்துவிட்டார். இதற்குப் பிறகு அவன் ஓடவில்லை. நூல் அறக்கூடாது என்று பூனைபோல் நடந்தான்.

கடைசிப் பகுதிதான் உண்மையான ஏற்றம். இரும்புக் கைபிடி நடுவில் ஓடுகிறது. ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்க. காற்று இங்கேதான் பிடித்தது. இபின் பதூதா இந்த மலைக்கு இரண்டு பாதை என்று எழுதியிருக்கிறார்: ஒன்று பாவா பாதை, மற்றது மாமா பாதை, ஆதமும் ஏவாளும். மாமா பாதை இலேசு, ஆனால் அதால் ஏறினால் யாத்திரை செய்ததாகவே கணக்கில்லையாம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறியதையும் சொல்கிறார். இன்றைக்கும் இரத்தினபுரியில் இருந்து பலாபத்தல வழியாக ஏறுகிறவர்கள் எங்களை அதே பார்வைதான் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் தூரம் அதிகம். உச்சியில் சந்தித்த ஒரு பெடியன், “ஹட்டன் பக்கமா?” என்று கேட்ட விதத்தில் அதில் ஓர் இளக்காரம் இருந்தது. என் முழங்காலுக்கு அது புரியவில்லை.

5.25க்கு மேலே. விடுதிக்கார அம்மா சொன்ன கணக்கு அச்சொட்டாகச் சரி. எங்களுக்கு முன்னே, 3 மணிக்கே வந்து சேர்ந்துவிட்ட பெடியன்கள் சுவரோரமாக ஒரே போர்வைக்குள் நான்கு பேராக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் நனைந்த சட்டையை மாற்றி, ஜம்பரைப் போட்டு, தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டேன். மாமியின் பேரைச் சொன்னேன்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் மேல் மலுவுக்கு, அதாவது பாதம் இருக்கும் உச்சி முற்றத்துக்கு, போக வேண்டும். காலுறையோடு போனாலும் கல் கடித்தது. பாதத்தைக் கும்பிட வரிசையில் நின்றோம். துணியும் பூவும் மூடியிருக்க, ஒரு நொடி பார்த்துத் தலைவணங்கி நகர வேண்டும். அவ்வளவுதான் கிடைக்கும். மச்சாளுக்கு அது போதுமாக இருந்தது. கண் கலங்கி வந்தார். அடுத்தது மணி. எத்தனையாவது முறையாக ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். மருமகன் ஒன்றே ஒன்று அடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினான். அவனுக்குப் பின்னால் வந்த ஆச்சி, ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, அடிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு எண்ணினார்கள், பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

சூரியன் வந்தது ஆறு மணி தாண்டி. அதற்கு முன்னரே கிழக்கில் செம்மஞ்சள் கோடு ஒன்று விழுந்து, மலைகள் ஒவ்வோர் அடுக்காகக் கறுப்பில் இருந்து நீலத்துக்கு மாறின. கீழே பள்ளம் முழுக்க மேகம். அதில் ஓர் ஓட்டை வழியாக மவுசாக்கலைத் தண்ணீர் தெரிந்தது. மேளச் சத்தம் எழும்பியது. விளிம்பு தெரிந்த நொடியில் ஒரு பக்கம் “சாது, சாது, சா”, மறுபக்கம் “அரோகரா”. நூற்றுக்கணக்கான ஃபோன்கள் ஒன்றாக உயர்ந்தன. முன்னால் நின்றவர் உயரம். நான் சூரியனில் பாதியை அவருடைய ஃபோன் திரையில்தான் பார்த்தேன்.

சூரியன் எழும்பியதும் அங்கேயே நிற்காமல், உடனே திரும்பி மேற்குப் பக்கச் சுவருக்குப் போங்கள். பாதிச் சனத்துக்கு இது தெரிவதில்லை. மலையின் நிழல் அந்தப் பக்கம் மேகத்தின்மேல் விழுந்து கிடக்கிறது. கத்தியால் வெட்டி எடுத்த முக்கோணம். இவ்வளவு கட்டடமும் கூரையும் உச்சியில் இருக்க, நிழல் எப்படி இத்தனை கூராக விழுகிறது என்று மச்சாள் கேட்டார். மருமகன் சொன்னான்: “எந்த மலையின்ரை நிழலும் உச்சியிலை இருந்து பார்த்தால் முக்கோணம்தான் அம்மா. நிழல் கனதூரம் நீளுது. வெள்ளவத்தைத் தண்டவாளம் தெஹிவளைப் பக்கம் போய்ச் சேர்ந்தமாதிரித் தெரியுமெல்லோ, அதேதான்.” பக்கத்தில் நின்ற ஒருவர், சாமி காரியத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அவனைக் கடிந்துகொண்டார். எனக்கு இரண்டும் பிடித்திருந்தது. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி மலையடிக்கு இழுபட்டு வந்து, கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது.

இறக்கம் பற்றி யாரும் முன்கூட்டிச் சரியாகச் சொல்வதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் தளரும், நின்றால் நடுக்கம் கூடும். பக்கவாட்டாக, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கினோம். வெளிச்சத்தில்தான் எதற்குள்ளால் ஏறினோம் என்பதே தெரிந்தது. இந்தக் காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டின் ஒரு துண்டு. மேலே கட்டையான, முறுகிய மரங்கள். நடுவில் மகரத்மல் சிவப்பாகப் பூத்திருந்தது. அதற்குக் கீழே, சொல்ல வெட்கம், பிஸ்கட் கடதாசிகள். பொலித்தீன் தடை அறிவித்தல் பலகைக்குக் கீழேயே ஒரு குவியல். துப்புரவுத் தொழிலாளிகள் சாக்கோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். கும்பிட்டு முடித்த கையாலேயே எறிகிறவர்களை என்ன செய்வது?

9.15க்குக் கீழே. டிரைவர் அண்ணா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வேனைக் கழுவி வைத்துக்கொண்டு நின்றார். முழு நித்திரை கொண்ட முகம். நான் பேசிய இரண்டு நாள் ஹயரில் காசுக்குப் பெறுமதியானது அந்த முகம்தான்.

சோறு சாப்பிட்டுவிட்டு 1 மணிக்குப் புறப்படுகிறோம்.

வியாழன், கொழும்பு

நேற்று மாலை கித்துல்கலவில் நல்ல மழை. பங்குனியில் பின்னேரம் இடியும் மழையும் வழக்கம். அதனால்தான் மலைப் பாதையில் இருந்து மதியத்தோடு இறங்கிவிட வேண்டும். வீட்டுக்கு வர இரவு 7 ஆகிவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் நுகேகொடை நெரிசலில்.

இன்று கந்தோரில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

காலையில் இருந்து வட்சப்பில் கேள்விகள். வயதானவர்கள் ஏறலாமா? ஏறலாம், நேற்று என்னைவிட மூத்தவர்கள் எத்தனையோ பேர் ஏறினார்கள். ஆனால் சூரிய உதயத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தை அவர்கள்மேல் ஏற்ற வேண்டாம். முதல் நாள் பின்னேரமே ஏறத் தொடங்கி, கடைகளில் இருந்து இருந்து, இரவு முழுக்க மெதுவாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதய வருத்தம், மூட்டு வருத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். பெண்கள் மட்டும் போகலாமா? சீசனில், நல்லதண்ணிப் பாதையால், தாராளமாக. நாங்களும் அப்படித்தான் போனோம். மருமகனை ஆண் துணை என்று சொன்னால் அவனே சிரிப்பான். சின்னப் பிள்ளைகள்? தூக்கிக்கொண்டு ஏறியவர்களைப் பார்த்தேன், இறங்கும்போது அவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். எட்டு, ஒன்பது வயதுக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போவது நல்லம்.

மாமிக்கு நிழல் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார். “நாங்கள் போகேக்கை ஒரே முகில். ஒண்டும் தெரியேல்லை. மாமா குளிருக்குப் பயந்து கீழேயே நிண்டிட்டார்” என்றார். மாமா மேலே ஏறி மணி அடித்த கதையைத்தான் இவ்வளவு காலமும் எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். மச்சாளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டிரைவர் அண்ணா மத்தியானம் அழைத்தார். வெசாக்குக்கு முன்னர் பலாபத்தலப் பக்கம் ஒரு ஹயர் ஒழுங்கு செய்யலாமாம்; ஆட்கள் சேர்ந்தால் விலை குறைப்பாராம். மருமகன் உடனே சரி என்றான். இரத்தினபுரிப் பெடியனின் அந்த இளக்காரம் அவனுக்கு இன்னும் போகவில்லை. மச்சாள் சித்தாலேபப் போத்தலைத் திறந்தபடி, “முதலிலை இந்த முழங்கால் மடங்கட்டும், பிறகு கதைப்பம்” என்றார்.